எபிசோடு 41: கோழி சாலையைக் கடந்த வருஷம்

இன்னிக்கு விளம்பரங்களைப் பத்திப் பேசப்போறோம். குறிப்பா, மொபைல் ஆப்களில் வர்ற விளம்பரங்கள். "அதைப் பத்திப் பேச என்ன இருக்கு, வந்தா மூட வேண்டியதுதானே"ன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. அந்த மூடுற பட்டன் எங்க இருக்கணும், எத்தனாவது விநாடியில வரணும், அதை யார் முடிவு பண்ணணும்னு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. அந்தச் சண்டையில 2014 ஒரு முக்கியமான வருஷம். இந்த எபிசோடு பெரும்பாலும் அந்த ஒரு வருஷத்தைச் சுத்தித்தான். ஆனா அங்க போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவின் தி அட்லாண்டிக் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஈதன் ஸுக்கர்மேன். பேஸ்புக்காரர் இல்லை, இவர் வேற. தொண்ணூறுகளில் ட்ரைபாட்ங்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர். யார் வேணும்னாலும் சொந்தமா ஒரு இணையப் பக்கம் போட்டுக்கலாம், இலவசம், செலவுக்கு விளம்பரம். இதுதான் ட்ரைபாட். ஒருநாள் ஒரு கார் கம்பெனி கொதிச்சுப் போச்சு. அவங்க விளம்பரம் யாரோ ஒருத்தரோட ஆபாசமான பக்கத்து மேல உட்கார்ந்திருந்தது. யார் என்ன எழுதுவாங்கன்னு ட்ரைபாட்டுக்கு எப்படித் தெரியும்? அதனால ஸுக்கர்மேன் ஒரு வழி கண்டுபிடிச்சார். விளம்பரத்தைப் பக்கத்துக்குள்ள வைக்காம, தனியா ஒரு சின்ன ஜன்னல்ல திறக்கிற மாதிரி கோடு எழுதினார். பக்கம் வேற, விளம்பரம் வேற. பிரச்சினை தீர்ந்தது.

அதுதான் பாப்-அப். உலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கின கண்டுபிடிப்புகளில் ஒண்ணு. அந்தக் கட்டுரையில் அவர் மன்னிப்புக் கேட்டார். எங்க நோக்கம் நல்லதாத்தான் இருந்தது என்றும் சொன்னார்.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச விஷயம், அவர் யாரோட பிரச்சினையைத் தீர்த்தார் என்பதுதான். விளம்பரம் கொடுத்தவருக்கு ஒரு சங்கடம் இருந்தது, அது தீர்ந்தது. பக்கத்தைப் படிக்க வந்தவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. மொபைல் காலத்திலும் திரும்பத் திரும்ப இதுதான் நடக்குது.

முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற இணையப் பத்திரிகையில் வந்தன. அதில் ஏடி அண்டு டி நிறுவனத்தோட பேனர்தான் இன்னிக்கும் பேசப்படுது. பார்த்தவங்களில் 44 சதவீதம் பேர் அதைச் சொடுக்கினதா சொல்வாங்க. அப்போ விளம்பரமே ஒரு வேடிக்கை. சொடுக்கினா என்ன ஆகும்னு பார்க்கிற ஆர்வம். இன்னிக்கு ஒரு பேனரை 100 பேர் பார்த்து ஒருத்தர் தொட்டாலே டெவலப்பர் இனிப்பு வாங்கித் தருவார்.

மொபைலுக்கு வருவோம். 2006. ஓமர் ஹமூயி என்கிறவர் வார்ட்டன்ல எம்பிஏ படிச்சிட்டு இருந்தார். போன்ல போட்டோ பகிர்ற ஒரு சேவை நடத்தினார். ஆனா ஆட்களை அங்க கொண்டு வர்றதுக்கு மலிவான வழி எதுவும் இல்லை. அவரை மாதிரியே நிறைய சின்ன மொபைல் தளங்கள் தவிச்சுக்கிட்டு இருந்தன. சரி, நாமளே ஒருத்தர் தளத்தில் இன்னொருத்தர் விளம்பரத்தைப் போட்டுக்குவோம்னு ஆரம்பிச்சதுதான் ஆட்மாப். ஐபோன் அப்போ வெளியே வரவே இல்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தது, அதே வருஷம் அக்டோபர்ல ஆண்ட்ராய்டு மார்க்கெட். 2009 நவம்பரில் கூகுள் 75 கோடி டாலருக்கு ஆட்மாப்பை வாங்குறதா அறிவிச்சது. மூணே வருஷம்.

அந்தக் காலத்து மொபைல் பேனர் எப்படி இருக்கும்னு உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கும். திரைக்கு அடியில ஒரு பட்டை. 320-க்கு 50 பிக்ஸல். கம்ப்யூட்டர் பேனரைத் துவைச்சுச் சுருங்கவிட்ட மாதிரி. கட்டைவிரல் தவறிப் பட்டா போச்சு, ஆப்பை விட்டு வெளியே இழுத்துட்டுப் போய் பிரவுசர்ல தள்ளிடும். திரும்பி வந்தா விளையாட்டு முதல்ல இருந்து. அப்புறம் யார் அதைத் தொடுவாங்க?

இதை முதல்ல சத்தமா சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2010 ஏப்ரல் 8-ல் ஐஆட் அறிமுகம். மேடையில் அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு ஆள் தினமும் 30 நிமிஷம் ஆப்களில் இருக்கார், 3 நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம்னா நாளுக்கு 10. பத்து கோடி கருவிகள் இருந்தா, ஒரே நாள்ல 100 கோடி வாய்ப்பு. கூட்டம் கைதட்டும் கணக்கு. ஆனா ஐஆட் கொண்டுவந்த உண்மையான மாற்றம் வேற. விளம்பரத்தைத் தொட்டாலும் ஆப்பை விட்டு வெளியே போகவேண்டாம். உள்ளேயே விரியும், மூடினா நீங்க விட்ட இடத்தில் நிப்பீங்க. டாய் ஸ்டோரி 3 விளம்பரத்தை வெச்சுக் காட்டினார். பயனரோட இடத்தில் நின்னு யோசிச்ச முதல் பெரிய முயற்சின்னு நான் இதைச் சொல்வேன்.

ஆனா ஓடல. விளம்பரம் கொடுக்கணும்னா குறைஞ்சது 10 லட்சம் டாலர்னு ஆரம்பிச்சாங்க. விளம்பரத்தை உருவாக்குறதிலும் ஆப்பிள் கைதான் ஓங்கியிருந்தது. அந்த 10 லட்சம் இறங்கி இறங்கிக் கடைசியில் 50 டாலர் வரைக்கும் வந்தது. 2016 ஜூன் 30-ல் கடையைச் சாத்திட்டாங்க. அழகா இருந்தாப் போதாது, விளம்பரம் நிறைய வரணும். நாளைக்கு லட்சம் முறை காட்ட இடம் இருக்கு, காட்ட சரக்கு இல்லைன்னா டெவலப்பர் என்ன பண்ணுவார்?

அந்தப் பக்கம் ஆண்ட்ராய்டுல நடந்ததே வேற. ஆங்ரி பேர்ட்ஸ் ஐபோனில் 99 சென்ட். 2010 அக்டோபர்ல ஆண்ட்ராய்டுக்கு வந்தப்போ ரோவியோ அதை இலவசமா விளம்பரத்தோட விட்டது. விளம்பரத்திலிருந்து மட்டும் மாசம் 10 லட்சம் டாலருக்கு மேல் வரும்னு அந்த வருஷக் கடைசியில் எதிர்பார்த்தாங்க. அதைப் பார்த்த ஒவ்வொரு டெவலப்பருக்கும் கை அரிச்சது. அப்புறம் வந்த இரண்டு மூணு வருஷம் ஆண்ட்ராய்டு ஒரு சந்தைக்கடை. சில விளம்பர நெட்வொர்க்குகள் போனோட நோட்டிஃபிகேஷன் பட்டையிலேயே விளம்பரம் தள்ளின. எந்த ஆப் அனுப்புதுன்னே தெரியாது. மெசேஜ் வந்திருக்குன்னு நினைச்சு இழுத்துப் பார்த்தா ரிங்டோன் விளம்பரம். ஹோம் ஸ்க்ரீன்ல நீங்க வைக்காத ஐகான் வந்து உட்கார்ந்திருக்கும். 2013-ல் கூகுள் நோட்டிஃபிகேஷன் பட்டை விளம்பரங்களைத் தடை பண்ணின பிறகுதான் அது அடங்கியது.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி, ஏன் எரிச்சலூட்டுற விளம்பரத்துக்குக் காசு கூடக் கிடைக்குதுங்கிறதைச் சொல்லிடறேன். இது தெரியாம மிச்சக் கதை புரியாது.

ஆப்ல விளம்பரம் காட்டினா டெவலப்பருக்குக் கிடைக்கிற தொகையை, ஆயிரம் முறை காட்டினதுக்கு இவ்வளவுன்னு கணக்கு வைப்பாங்க. ஆனா விளம்பரம் கொடுக்கிறவர் பல நேரம் காட்டினதுக்குக் காசு தர்றதில்லை. சொடுக்கினா தருவார், இல்லைன்னா அவரோட ஆப்பை இன்ஸ்டால் பண்ணினா தருவார். அப்போ சொடுக்கு அதிகமானா உங்க ஆயிரத்துக்கான தொகையும் ஏறும். விரல் தவறிப் பட்ட சொடுக்கும் சொடுக்குதான். மூடுற பட்டனைச் சின்னதாக்கு, "அடுத்த லெவல்" பட்டன் இருந்த இடத்திலேயே விளம்பரம் குதிக்கட்டும். எண்ணிக்கை ஏறும். இப்போ நெட்வொர்க்குகள் தவறிப் பட்ட சொடுக்குகளைக் கழிச்சுடறாங்க, ஆட்மாப் விதியிலேயே அப்படி வைக்கக்கூடாதுன்னு இருக்கு. அன்னிக்கு அந்தக் கண்டிப்பு ரொம்பக் கம்மி.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கு. விளையாட்டு ஆப்களில் வர்ற விளம்பரங்கள் பெரும்பாலும் எதுக்கு? இன்னொரு விளையாட்டு ஆப்புக்கு. அதாவது நம்ம டீக்கடை வாசல்ல நின்னு எதிர்த்த டீக்கடைக்கு நோட்டீஸ் கொடுக்க நாமே இடம் விட்டுக் காசு வாங்குறோம். விளம்பரம் ஜெயிச்சா நம்ம வாடிக்கையாளர் அங்க போயிடுவார்.

இப்போ 2014.

வருஷம் பிறந்ததும் உலகமே ஒரு பறவையைத் தட்டிக்கிட்டு இருந்தது. ஃப்ளாப்பி பேர்ட். ஹனோய்ல இருந்த டோங் நுயென் தனி ஆளா பண்ணினது. 2013 மே மாசம் வெளியிட்டு, மாசக்கணக்கா யாரும் கண்டுக்கல. ஜனவரியில் திடீர்னு உச்சிக்குப் போச்சு. விளம்பரத்திலிருந்து நாளுக்கு 50,000 டாலர் வரைக்கும் வருதுன்னு தி வெர்ஜ் தளத்துக்குச் சொன்னார். எந்த மாதிரி விளம்பரம்? சாதாரண பேனர். ஒரு ஆட்டம் சில விநாடிதான், விழுந்தா உடனே அடுத்தது. ஒருத்தர் ஒரு நாளில் நூறு தடவை விளையாடுவார். வீடியோ இல்லை, முழுத்திரை இல்லை, வாங்கச் சொல்ற வைரக்கல் கடை எதுவும் இல்லை. பிப்ரவரி 9 அன்று அவரே அதை ஸ்டோரிலிருந்து எடுத்துட்டார். மக்கள் அதுக்கு அடிமையாகிறாங்க, அது எனக்குப் பிடிக்கலைன்னு காரணம் சொன்னார். நாளுக்கு 50,000 டாலரை ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதை அப்போ பலர் நம்பவே இல்லை. எனக்கு நம்ப முடியுது. ஆனா அதிலிருந்து மத்த டெவலப்பர்கள் கத்துக்க எதுவும் இல்லை. லாட்டரி அடிச்சவர்கிட்டப் போய் சேமிப்பு ஆலோசனை கேட்க முடியாது.

பத்தே நாளில், பிப்ரவரி 19, வாட்ஸ்அப்பை பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குறதா செய்தி. வாட்ஸ்அப்பை ஆரம்பிச்ச ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் விளம்பரத்தை வெறுத்தவங்க. ஏன் விளம்பரம் போடலைன்னு 2012-ல் கம்பெனி வலைப்பதிவில் கூம் ஒரு பதிவே எழுதியிருக்கார். அவங்க வழி நேரடியானது, வருஷத்துக்கு 99 சென்ட். நாம எல்லாரும் அதைக் கட்டாமலே வருஷம் வருஷமா தள்ளிப்போட்டதும் ஒரு வரலாறு! ஆக்டன் 2017-லும் கூம் 2018-லும் வெளியேறிட்டாங்க. 2025 ஜூன்ல வாட்ஸ்அப்பின் அப்டேட்ஸ் பகுதியில் விளம்பரம் வரும்னு மெட்டா அறிவிச்சது. சாட்டுக்குள்ள இல்லை, ஸ்டேட்டஸ் பார்க்கிற இடத்தில். விளம்பரமே வேண்டாம்னு சொன்ன வழி பதினோரு வருஷத்தில் அங்க வந்து நின்னது.

ஆகஸ்ட்ல ஸுக்கர்மேனோட மன்னிப்புக் கட்டுரை. நவம்பர் 20-ல் வந்தது கோழி.

க்ராஸி ரோடு. ஆஸ்திரேலியாவில் ஹிப்ஸ்டர் வேல் என்ற பெயரில் மாட் ஹாலும் ஆண்டி சம்மும் சேர்ந்து ஒரு சின்னக் குழுவா பண்ணின விளையாட்டு. ஒரு கோழி. சாலை, ஆறு, ரயில் பாதை. கடக்கணும். வண்டி மோதினா முடிஞ்சது. ஆடாதவங்க இதைக் கேட்டுட்டு இருக்கீங்களான்னு சந்தேகம்தான்.

அதில் விளம்பரம் எங்க வந்ததுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. ஆட்டம் நடக்கும்போது வராது. ஆட்டம் முடிஞ்சதும் தானா குதிக்காது. கோழி செத்த பிறகு, எப்பவாவது, ஒரு பட்டன் வரும்: வீடியோ பார்த்தா காசு கிடைக்கும். விளையாட்டுக் காசுதான். 100 காசு சேர்ந்தா பரிசு மெஷினைச் சுழற்றி ஒரு புதுப் பாத்திரம் எடுக்கலாம். வாத்து, பென்குவின், பூதம்னு ஏதாவது வரும். பட்டனைத் தொடாம அடுத்த ஆட்டத்துக்குப் போனா யாரும் கேட்க மாட்டாங்க. பணம் கொடுத்துப் பிடிச்ச பாத்திரத்தை நேரா வாங்கவும் செய்யலாம். வாங்காதவர் எதையும் இழக்கிறதில்லை. எந்தப் பாத்திரமா இருந்தாலும் ஆட்டம் ஒண்ணுதான்.

2015 மார்ச்ல நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்ல அவங்க கணக்கைச் சொன்னாங்க. 90 நாள், 5 கோடி டவுன்லோட், ஒரு கோடி டாலர் வருமானம். அதில் யூனிட்டி ஆட்ஸ் வீடியோக்கள் மூலமா மட்டும் 30 லட்சம் டாலர்.

பார்த்தா காசுங்கிற யோசனை இவங்க கண்டுபிடிச்சது இல்லை, அதைச் சொல்லிடணும். அதுக்கு முன்னாடியே "இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணு, உனக்கு வைரம் தர்றேன்" ரகம் நிறைய இருந்தது. ஆப் ஸ்டோர் தரவரிசையையே அது கெடுக்குதுன்னு 2011-ல் ஆப்பிள் அந்த மாதிரி ஆப்களை நிராகரிக்க ஆரம்பிச்சது. க்ராஸி ரோடு பண்ணினது, அந்தப் பழைய பேரத்திலிருந்து கட்டாயத்தைக் கழட்டி எறிஞ்சது. தடை போட்டுட்டு "தாண்டணும்னா வீடியோ பாரு"ன்னு சொல்லல. ஏற்கெனவே சந்தோஷமா ஆடுறவர்கிட்ட "இன்னும் கொஞ்சம் வேணுமா?"ன்னு கேட்டது. கல்யாணப் பந்தியில் இலையில் கொட்டிட்டுப் போறவருக்கும், கரண்டியோட நின்னு "வைக்கட்டுங்களா?"ன்னு கேட்கிறவருக்கும் உள்ள வித்தியாசம். பாயசம் அதே பாயசம்தான்.

நான் எஞ்சினியர், அதனால இதைக் கணக்காவும் பார்க்கிறேன். உதாரணத்துக்கு ஒரு ஆப் நாளுக்கு 20 விளம்பரம் காட்டுது, யூசர் மூணாம் நாள் கடுப்பாகி டெலீட் பண்ணிடறார். மொத்தம் 60. இன்னொரு ஆப் நாளுக்கு 3 தான் காட்டுது, ஆனா அவர் இரண்டு மாசம் இருக்கார். 180. இத்தோட, விரும்பிப் பார்த்த வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்ப்பார், அதனால விளம்பரம் கொடுக்கிறவரும் அதுக்கு அதிக விலை தர்றார். அடுத்த சில வருஷங்களில் உலகம் முழுக்க விளையாட்டு ஆப்கள் இந்த வழிக்கு ஓடினது நல்ல மனசால இல்லை, இந்தக் கணக்கால.

ஆனா எல்லாரும் இப்படிக் கணக்குப் போடல. ஒரு வாரத்தில் ஆளைப் பிடிச்சு, ஒரு வாரத்தில் பிழிஞ்சு, அடுத்த ஆப்புக்கு அனுப்பிடலாம்னு இருக்கிறவருக்கு இரண்டு மாசக் கணக்கு எதுக்கு? அந்த ரகம் 2018-க்குப் பிறகு வெள்ளமா வந்தது. ஒரு லெவல், ஒரு முழுத்திரை விளம்பரம். மூடுற பட்டன் வரும், தொட்டா இன்னொரு பக்கம் வரும், அதில் இன்னொரு மூடுற பட்டன், அது நகம் அளவு. திரையில் மயிர் ஒட்டியிருக்கிற மாதிரி படம் போட்டு, துடைக்கப் போனா சொடுக்கு விழுற மாதிரி விளம்பரம்கூடப் பார்த்திருக்கேன். யாரோ ஒரு டிசைனர் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, காபி குடிச்சுட்டு அந்த மயிரை வரைஞ்சிருக்கார்.

இந்த வகைத் தந்திரங்களுக்கு டார்க் பேட்டர்ன்னு 2010-லேயே பேர் வெச்சவர் இங்கிலாந்தின் ஹாரி பிரிக்னல். இந்தியாவிலும் இப்போ அதுக்கு விதி இருக்குன்னு பலருக்குத் தெரியாது. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை டார்க் பேட்டர்ன்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. விளம்பரம்னே தெரியாத மாதிரி வேஷம் போட்ட விளம்பரமும், விடாம நச்சரிக்கிறதும் அந்தப் பட்டியலில் இருக்கு.

அதுக்கு முந்தின வருஷம் கூகுள் பிளே தன்னோட விதியை இறுக்கியது. 2022 செப்டம்பர் 30 முதல் அமல். சுருக்கமா சொன்னா: நீங்க வேற எதையோ செய்யப்போகும்போது எதிர்பாராம முழுத்திரை விளம்பரம் குதிக்கக்கூடாது. லெவல் தொடங்கும்போது வரக்கூடாது. ஆப் திறக்கிற திரைக்கு முன்னாடி வரக்கூடாது. 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாத மாதிரி இருக்கக்கூடாது. இதுக்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. யூசர் தானே ஒப்புக்கொண்டு பார்க்கிற, பரிசு தர்ற வீடியோக்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதாவது, எட்டு வருஷத்துக்கு முன்னாடி கோழி விளையாட்டில் இருந்த வழக்கம் இப்போ விதிப்புத்தகத்தில் ஒரு வரி ஆயிடுச்சு.

விதி வந்ததும் எல்லாம் சரியாச்சான்னா, நீங்களே உங்க போனைப் பார்த்துச் சொல்லுங்க.

2021 ஏப்ரல்ல ஆப்பிள் ஐஓஎஸ் 14.5-ல், ஒரு ஆப் உங்களைப் பின்தொடர உங்ககிட்ட அனுமதி கேட்டே ஆகணும்னு வெச்சதும் இதே குடும்பம்தான். கேட்டாங்க, பெரும்பாலானவங்க வேண்டாம்னாங்க. அடுத்த வருஷம் இதனால சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும்னு மெட்டா சொன்னது. ஒரு கேள்வி கேட்கிறதுக்கு எவ்வளவு விலைன்னு பாருங்க. அந்தக் கதை ரொம்பப் பெருசு, தனி எபிசோடு போடலாம்.

2022 ஜூலையில் இன்னொரு சம்பவம். யூனிட்டி நிறுவனம் ஐயர்ன்சோர்ஸ் என்ற விளம்பரக் கம்பெனியோட இணையப்போறதா அறிவிச்ச சமயம். வருமானத்தைப் பத்தி ஆரம்பத்திலேயே யோசிக்காத விளையாட்டு டெவலப்பர்களை யூனிட்டியோட தலைமை அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ ஒரு பேட்டியில் முட்டாள்கள்னு, முன்னாடி ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, திட்டிட்டார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அவர் சொன்னதில் பாதி சரின்னு தோணுது. விளம்பரம் எங்க வரும்னு முதல் நாளே யோசிக்கணும். யோசிக்காம விட்டா, ஆறு மாசம் கழிச்சு சர்வர் பில்லைப் பார்த்துப் பதறிப்போய், கிடைக்கிற ஓட்டையில் எல்லாம் சொருகுவோம். க்ராஸி ரோட்டில் அந்தப் பட்டன் கடைசியில் ஒட்டவெச்சது இல்லை. காசு, பரிசு மெஷின், சாவு எல்லாமே அதுக்கு இடம் விட்டுத்தான் அமைஞ்சிருக்கு.

மறு பாதி? அங்கதான் எனக்குச் சிக்கல். விளம்பரத்துக்கு இடம் விட்டு விளையாட்டை அமைக்கிறதும், விளம்பரம் பார்க்க வைக்கிறதுக்காகவே விளையாட்டைக் கெடுக்கிறதும் பக்கத்து வீடுகள். இன்னிக்குப் பல ஆப்களில் பட்டன் இருக்கு, கட்டாயம் இல்லை, விதிப்படி எல்லாம் சரி. ஆனா உயிர் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நிரம்பும், லெவல் 30-லிருந்து மனுஷனால முடிக்க முடியாது. "வீடியோ பார்த்தா உதவி." நீங்க விரும்பித்தான் தொடறீங்க. வைக்கட்டுங்களான்னு கேட்டுத்தான் வைக்கிறாங்க. ஆனா பந்தியில் உட்கார வெச்சு இரண்டு மணி நேரம் இலையைக் காலியா வெச்சிருந்தாங்க.

நானும் என் காலேஜ் நண்பனும் ஒரு சின்ன ஆப் நடத்துறோம். தமிழ்ச் சொல் விளையாட்டு, கட்டத்தில் எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கணும். ஆடுறவங்க பெரும்பாலும் நம்ம அப்பா அம்மா வயசுக்காரங்க. மூடுற பட்டன் தந்திரங்கள் யாரைக் குறிவைக்குதுன்னா அவங்களைத்தான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டுப் பார்க்கிறதுக்குள்ள வேற ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகியிருக்கும். அதனால எங்களுக்குச் சில விஷயங்களில் விவாதமே இல்லை. கட்டம் போடும்போது விளம்பரம் இல்லை. சூதாட்டம், கடன், டேட்டிங் விளம்பர வகைகளை ஆட்மாப்ல முழுசா அடைச்சிருக்கோம். ஒருதடவை காசு கட்டினா எல்லா விளம்பரமும் போயிடும். மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு பட்டன். மாட்டிக்கிட்டா, ஒரு வீடியோ பார்த்தா ஒரு குறிப்பு கிடைக்கும்.

சர்வர் செலவுக்கு அது போதுது. அவன் வேலையை விட்டுட்டு முழுநேரமா இதைப் பார்க்கிற அளவுக்குப் போதல. அவனுக்கு அந்த ஆசை இருக்கு, வீட்டில் குழந்தை வேற பிறந்திருக்கு. சொல்லும் உரிமையும் அவனுக்கு இருக்கு, முக்கால்வாசி கோடு அவன் எழுதினது. போன மாசம் அவன் டேஷ்போர்டைத் திறந்து காட்டினான். எந்தெந்தக் கட்டம் கஷ்டமா இருந்ததோ, அந்தந்த நாள் குறிப்பு வீடியோ அதிகமா ஓடியிருக்கு. அன்னிக்கு வருமானமும் கூட. "புதுசா எதுவும் சேர்க்க வேண்டாம்டா. கட்டத்தைக் கொஞ்சம் கஷ்டமாக்கினாப் போதும்"னான். அவன் சொன்னது தப்புன்னு என்னால உடனே சொல்ல முடியல. கஷ்டமான கட்டத்தை விரும்பி ஆடுறவங்களும் இருக்காங்க. ரிவ்யூல கேட்கவே செய்யறாங்க.

இரண்டு வாரம் பேசினோம். கடைசியில் கட்டங்களை யார் போடறதுங்கிறதை மாத்திக்கிட்டோம். இதுவரைக்கும் நாங்க இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டோம். இப்போ அவனோட அக்கா போடறாங்க. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எந்தச் சொல் எளிது, எந்தச் சொல்லில் ஆள் தடுக்கி விழுவார்னு அவங்களுக்குத்தான் தெரியும். வாரம் ஏழு கட்டம், சனிக்கிழமை ராத்திரி அனுப்பிடுவாங்க, ஒரு கட்டத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்துடறோம். வருமான டேஷ்போர்டுக்கு அவங்களுக்கு லாகின் கொடுக்கல. போன வாரம் அவங்களே கேட்டாங்க, "எந்தக் கட்டம் நல்லா ஓடுச்சுடா?"ன்னு. எத்தனை பேர் முடிச்சாங்கங்கிற எண்ணை மட்டும் அனுப்பினோம்.